திக்கல்: மூளையில் என்ன நடக்கிறது, நாம் என்ன செய்யலாம்?



சென்ற ஆண்டு நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை நேர்காணலுக்கு 21 வயது மாணவர் ஒருவர் வந்தார். மதிப்பெண்கள் நன்றாக இருந்தன. தந்தை இல்லை, தாயார் தையல் வேலை செய்து படிக்க வைக்கிறார். வழக்கம்போல் முதலில் பெயரைக் கேட்டோம். பதில் வரவில்லை. கண்களை இறுக மூடினார், தாடை நடுங்கியது, தரையைப் பார்த்தபடி நின்றார். மறுபடியும் கேட்டோம். "மன்னிச்சிருங்க" என்ற ஒரு சொல்லை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய விண்ணப்பத்தின் ஓரத்தில், "ஆர்வம் இல்லை, ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை" என்று குறிப்பு எழுதப்பட்டது. எழுதியவன் நான்தான்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தனக்குச் சிறு வயது முதல் திக்கல் இருக்கிறது என்றும், ஒரு சொல் வராவிட்டால் வேறு சொல்லை மாற்றிப் போட்டுச் சமாளித்துவிடுவேன், ஆனால் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாதே என்றும் எழுதியிருந்தார். நம்மைக் குறை சொல்லி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அல்ஹம்துலில்லாஹ், விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்து அவருக்கு உதவித்தொகை வழங்கினோம். ஆனால் இதே காரணத்தால் இதற்கு முன்பு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போமோ என்ற கேள்வி என் மனதில் நின்றுவிட்டது. அதன் பிறகு இந்த விஷயத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை நம் மஹல்லா மக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

திக்கல் என்பது எது?

பேசும்போது எல்லோரும் எப்போதாவது தடுமாறுவதுண்டு. அது திக்கல் ஆகாது. என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அந்தச் சொல் வெளியே வர மறுப்பதுதான் திக்கல். அது மூன்று விதமாக வரும். ஒன்று, எழுத்தோ அசையோ திரும்பத் திரும்ப வருவது: "ப-ப-ப-பள்ளிவாசல்". இரண்டாவது, ஓர் ஒலி நீண்டுகொண்டே போவது: "ஸ்ஸ்ஸ்ஸலாம்". மூன்றாவது அடைப்பு. வாய் திறந்திருக்கும், முயற்சி நடந்துகொண்டிருக்கும், ஆனால் சத்தமே வராது. நம் மாணவருக்கு அன்று வந்தது இந்த மூன்றாவது வகை. பார்ப்பவர்களுக்கு அது மௌனமாகவோ அலட்சியமாகவோதான் தெரியும்.

நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் குறையாமல் ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் அது தொடங்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு வளர வளரத் தானாகவே போய்விடுகிறது. போகாமல் நின்றுவிடுவது பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு. பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற கணக்கில் ஆண்களுக்கே இது அதிகம். அப்படியென்றால் ஜும்ஆவுக்கு ஆயிரம் பேர் கூடும் பள்ளிவாசலில் பத்துப் பேருக்காவது இது இருக்கும். அந்தப் பத்துப் பேரை நமக்குத் தெரியாது. காரணம், அவர்கள் அதை மறைத்து வாழப் பழகியவர்கள்.

எப்படி மறைக்கிறார்கள்? பேருந்தில் தங்கள் ஊர்ப் பெயர் வாயில் வராது என்று பயந்து, அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு முன்னாலேயே இறங்கிக்கொள்வார்கள். கடையில் வேண்டிய பொருளைக் கேட்காமல், கைக்கு எட்டும் பொருளைக் காட்டி வாங்கி வருவார்கள். தொலைபேசி அடித்தால் எடுக்க மாட்டார்கள். அரபி இலக்கிய வரலாறு படித்தவர்களுக்கு வாஸில் இப்னு அதாவின் செய்தி நினைவிருக்கும். "ர" என்ற எழுத்து நாவில் சரியாக வராத காரணத்தால், அந்த எழுத்தே இல்லாத சொற்களாகத் தேடிக் கோத்து அவர் சொற்பொழிவு நிகழ்த்துவார் என்று ஜாஹிழ் போன்றவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவருடைய கொள்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு இருந்ததும் திக்கல் அல்ல, உச்சரிப்புக் குறை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மனதுக்குள் அவர் பட்ட அந்தப் பாட்டைத்தான், திக்கல் உள்ள நம் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை படுகிறார்கள்.

நாக்கில் குறை இல்லை

நெடுங்காலமாக உலகம் நாக்கைத்தான் குற்றம் சொல்லிவந்தது. 1841-இல் பெர்லின் நகரத்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டீஃபன்பாக், திக்கலைக் குணமாக்குவதாகச் சொல்லி நோயாளிகளின் நாக்கின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து பழக்கத்துக்கு வராத காலம் அது! பலனில்லாமல் அந்த முறை கைவிடப்பட்டது. நம் ஊரில் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதும், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்வதும், நாக்கின் அடிச்சதையை வெட்டிவிட்டால் சரியாகும் என்று நம்புவதும் இதே எண்ணத்தில் வந்தவைதான்.

யோசித்துப் பாருங்கள். திக்கல் உள்ள ஒருவர் பாட்டுப் பாடும்போது திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்குவதில்லை. தனியாக இருக்கும்போது அநேகமாகத் திக்குவதில்லை. நாக்கில் குறை இருந்தால் எல்லா நேரத்திலும் அல்லவா இருக்க வேண்டும்? மக்தபில் பிள்ளைகளோடு சேர்ந்து ஸூராவைத் தடையின்றி ஓதுகிற பையன், உஸ்தாத் தனியாக எழுப்பிக் கேட்டால் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறான். அவன் பாடம் பார்க்கவில்லை என்று நினைத்து அடி விழுகிறது. அடி விழுந்தால் திக்கல் கூடும், குறையாது.

மூளையில் நடப்பது

பேச்சு என்பது சாதாரண வேலை அல்ல. மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு, தாடை என்று நூறு அளவிலான தசைகள் வரிசை தவறாமல், நொடியின் சிறு சிறு பங்குக்குள் இயங்க வேண்டும். எது எப்போது தொடங்க வேண்டும், எது எப்போது நிற்க வேண்டும் என்று குறிப்புக் கொடுப்பதில், மூளையின் நடுவே ஆழத்தில் இருக்கும் "பேசல் கேங்லியா" என்ற நரம்புக் கணுக்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பெரிய ஜமாஅத் தொழுகையில் இமாமின் குரல் கடைசி ஸஃப் வரை எட்டாது. நடுவில் முகப்பிர் ஒருவர் நின்று தக்பீரை உரக்க எடுத்துச் சொல்வார். இமாமும் சரியாகத் தொழுவிக்கிறார், ஸஃபில் நிற்பவர்களுக்கும் தொழத் தெரியும். ஆனால் முகப்பிரின் தக்பீர் சற்றுத் தாமதித்தாலோ, இரண்டு முறை வந்துவிட்டாலோ பின்வரிசையில் சிலர் ருகூவுக்குப் போவார்கள், சிலர் நிற்பார்கள். திக்கலும் ஏறத்தாழ இப்படித்தான். சொல்ல நினைக்கும் அறிவில் குறை இல்லை. சொல்லும் தசைகளிலும் குறை இல்லை. "இப்போது தொடங்கு" என்ற குறிப்பு நேரத்துக்குப் போய்ச் சேருவதில்தான் தடங்கல்.

அந்தக் குறிப்பைச் சீராக வைத்திருக்கும் வேதிப்பொருள்களில் ஒன்றுதான் டோபமைன். அது குறைந்தால் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வருவது பலருக்குத் தெரியும். திக்கலில் நிலைமை மறுபக்கமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். 1997-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், திக்கல் உள்ளவர்களின் மூளையைப் பெட் ஸ்கேன் மூலம் பார்த்தபோது, திக்கல் இல்லாதவர்களைவிட டோபமைன் செயல்பாடு அதிகமாக இருந்தது தெரிந்தது. அந்த ஆய்வில் பங்குகொண்ட மனநல மருத்துவர் ஜெரால்டு மக்வயருக்கே திக்கல் உண்டு. ஆனால் அப்போது பார்க்கப்பட்ட திக்கல் உள்ளவர்கள் மூன்றே பேர். ஆகவே அது ஒரு துப்பு. முடிந்த தீர்ப்பு அல்ல.

அந்தத் துப்புக்கு வேறு பக்கத்திலிருந்தும் ஆதரவு உண்டு. டோபமைனின் வேலையைத் தடுக்கும் சில மருந்துகள் சிலருக்குத் திக்கலைக் குறைக்கின்றன. நடுக்குவாத நோயாளிகளில் சிலருக்கு, டோபமைனைக் கூட்டும் மருந்து சாப்பிட்ட பிறகு திக்கல் அதிகமாவதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

வேதிப்பொருளோடு விஷயம் முடிவதில்லை. 2002-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள், திக்கல் உள்ள பெரியவர்களின் மூளையில் பேச்சைத் திட்டமிடும் பகுதியையும் அதை நிறைவேற்றும் பகுதியையும் இணைக்கும் நரம்பு இழைகள் இடது பக்கத்தில் சற்றுப் பலவீனமாக இருப்பதைக் கண்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்டவோ என்னவோ, வலது பக்க மூளை கூடுதலாக வேலை செய்வதும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. தந்தைக்கோ மாமாவுக்கோ இருந்திருக்கும், மகனுக்கும் வரும். 2010-இல் டென்னிஸ் டிரெய்னா என்ற அமெரிக்க மரபணு அறிஞரின் குழு, பலருக்குத் திக்கல் இருந்த ஒரு பெரிய பாகிஸ்தானியக் குடும்பத்தை ஆராய்ந்து, திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தது. உயிரணுக்களின் கழிவுகளைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தும் வேலையோடு தொடர்புடைய மரபணு அது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடந்துவரும் குடும்பங்களில் இத்தகைய மாற்றங்களைத் தேடிப் பிடிப்பது எளிது என்பதால் அந்தக் குடும்பம் ஆய்வுக்கு உதவியது. ஆனால் இந்த மரபணுக்கள் திக்கல் உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டுமே காரணமாகின்றன. பெரும்பாலோருக்குப் பல காரணங்கள் சேர்ந்தே திக்கல் வருகிறது.

அப்படியானால் பயம்? பயத்தால் திக்கல் கூடும். ஆனால் வேர் அங்கே இல்லை. திக்கியபோது சிரிப்பு, சிரிப்பால் கூச்சம், கூச்சத்தால் அடுத்த முறை இன்னும் அதிகத் திக்கல் என்று ஒரு வட்டமாகச் சுற்றுகிறது. திக்கல் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும் என்பதும் இதன் இயல்பு. "நேத்து நல்லாத்தானே பேசுனே, இன்னைக்கு என்ன நடிப்பு?" என்று கேட்பது அநியாயம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் புரிவது இது: திக்கல் கண்ணேறு அல்ல, செய்வினை அல்ல, பெற்றோரின் வளர்ப்புக் குறை அல்ல, அறிவுக் குறைவும் அல்ல.

மாத்திரை உண்டா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். திக்கலுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மருந்து இதுவரை ஒன்றும் இல்லை. ஹாலோபெரிடால் என்ற பழைய மருந்து சிலருக்குப் பலன் தந்தது. ஆனால் கைகால் இறுக்கம், நடுக்கம், மந்தம் போன்ற பக்கவிளைவுகளால் பலரும் அதைத் தொடர முடியவில்லை. பின்னர் வந்த ரிஸ்பெரிடோன், ஒலான்சாபின் ஆகியவை சிறு எண்ணிக்கையிலானவர்களிடம் சோதிக்கப்பட்டு ஓரளவு பலன் தெரிந்தது. இவற்றால் உடல் எடையும் சர்க்கரையும் கூடலாம். தூக்கக் கலக்கம் வரலாம். மனநல மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து, தேவை என்று முடிவு செய்து, தொடர்ந்து கண்காணித்துத் தர வேண்டிய மருந்துகள் இவை. யாரோ சொன்னார் என்று மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. குளோசாபின் போன்ற சில மருந்துகளே சிலருக்குத் திக்கலை உண்டாக்குவதுண்டு. புதிய மாத்திரை தொடங்கிய பிறகு பேச்சு திக்குவதாகத் தெரிந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓர் அவசர எச்சரிக்கை: வாழ்நாள் முழுவதும் சரளமாகப் பேசிய ஒருவருக்கு நடுத்தர வயதிலோ முதுமையிலோ திடீரென்று பேச்சு திக்கினாலோ குழறினாலோ, அது மேலே சொன்ன வகை அல்ல. பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தளர்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டு விடியும் வரை காத்திருக்க வேண்டாம்; உடனே 108-ஐ அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பெரியவர்கள் செய்யக்கூடியவை

முதலாவது, பேச்சுப் பயிற்சியாளரிடம் போவது. இதற்கென்று பட்டம் படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும், மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் இதற்கான பிரிவுகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள். "பத்து நாளில் முழுக் குணம், இல்லாவிட்டால் பணம் வாபஸ்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். பெரியவர்களுக்கு நிலைத்துவிட்ட திக்கலை அடியோடு நீக்கும் வைத்தியம் கிடையாது. குறைத்துக்கொள்ளவும், பயமில்லாமல் பேசவும் நிச்சயமாக வழி உண்டு.

பயிற்சியில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, பேசும் விதத்தையே மாற்றிப் பழகுவது. மூச்சை இலேசாக வெளியே விட்டபடி சொல்லை மென்மையாகத் தொடங்குவது, முதல் உயிரொலியைச் சற்று நீட்டுவது, வாக்கியத்தைச் சிறு சிறு துண்டாக்கி இடையில் நிறுத்திப் பேசுவது. "வாணியம்பாடி" என்பதை முட்டித் தள்ளாமல் "வா...ணியம்பாடி" என்று இழுத்துத் தொடங்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தஜ்வீத் படித்தவர்களுக்கு மத்தும் வக்ஃபும் நினைவுக்கு வரலாம். நிறுத்தி, நீட்டி, ஓர் ஒழுங்கான தாளத்தில் ஓதும்போது திக்கல் பலருக்குக் குறைந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்தால், மூளைக்குள் இருக்கும் முகப்பிரை அவ்வளவாக நம்பியிருக்கத் தேவையில்லை என்பதுதான் இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இரண்டாவது பாதை, திக்கலோடு சண்டை போடாமல் எளிதாகத் திக்கப் பழகுவது. திக்கிய சொல்லைச் சொல்லி முடித்ததும் ஒரு கணம் நிறுத்தி, அதையே நிதானமாக மறுபடி சொல்வது முதல் படி. திக்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கத்தைத் தளர்த்தி மெதுவாக வெளியே வருவது அடுத்த படி. திக்கப் போகிறது என்று தெரிந்த சொல்லுக்கு முன்பே தசைகளைத் தளர்த்திக்கொள்வது மூன்றாவது படி. வேண்டுமென்றே கொஞ்சம் திக்கிப் பேசிப் பார்ப்பதும் ஒரு பயிற்சி. கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் நாமே கையில் எடுத்துக்கொண்ட ஒன்று நம்மைப் பயமுறுத்துவது குறைந்துவிடும். இந்த இரு பாதைகளையும் கலந்துதான் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள்.

மூன்றாவது, மறைக்காமல் சொல்லிவிடுவது. "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். மறைப்பதற்காகச் செலவான சக்தி பேசுவதற்கு மிஞ்சும். பயம் மிக அதிகமாக இருந்தால் மனநல ஆலோசகர் ஒருவரின் உதவியும் தேவைப்படலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, தன்னைப் போன்றவர்களோடு சேர்வது. "தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்" என்ற அமைப்பு, திக்கல் உள்ளவர்களே ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் குழுக்களை நடத்திவருகிறது. திக்கினால் யாரும் சிரிக்காத ஓர் அறையில் முதன்முறையாகப் பேசுவதே பலருக்குப் பெரிய மருந்து.

தொழுகை, ஓதுதல், நிக்காஹ்

நம் பிள்ளைகளை வேறு எவரையும்விட அதிகமாக வாட்டும் கவலைகள் சில உண்டு. தொழுகையில் திக்கினால் தொழுகை கூடுமா? கூடும். அல்லாஹ் எவரையும் அவருடைய சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை என்பது குர்ஆன் சொல்லும் அடிப்படை. இமாமாக நிற்பதைப் பொறுத்தவரை, "த"வையோ "ஃப"வையோ திரும்பத் திரும்பச் சொல்பவர் தொழுவிப்பது மக்ரூஹ் என்று இமாம் நவவி (ரஹ்) தமது மின்ஹாஜில் குறிப்பிடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அவர் பின்னால் தொழுத தொழுகை செல்லாது என்று ஆகாது.

குர்ஆன் ஓதச் சிரமப்படுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நபிமொழியை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். ஓதப் பழகாதவரைப் பற்றியே விளக்கவுரையாளர்கள் அதைப் பேசுகிறார்கள். ஆனாலும் அந்த ஹதீஸில் வரும் சொல், அரபியில் திக்கித் திணறுவதைக் குறிக்கும் சொல்லேதான். திக்கி ஓதும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் உஸ்தாதுமார்கள் இதை மனதில் கொள்ள வேண்டுகிறேன்.

நிக்காஹ் மேடையில் "கபூல்" சொல்லும் நேரத்தை நினைத்தே மாப்பிள்ளைகள் பல மாதம் தூங்காமல் இருக்கிறார்கள். அந்தச் சொல் சற்றுத் திக்கி வருவதால் நிக்காஹுக்குக் குறை வந்துவிடாது. தன் சார்பில் ஒப்புக்கொள்ள வகீலை நியமிக்கவும் ஷரீஅத்தில் இடம் உண்டு. முன்கூட்டியே மஹல்லா ஆலிமிடம் பேசி வைத்துக்கொண்டால் போதும். காஜியாரும் சாட்சிகளும் அவசரப்படுத்தாமல் இருந்தால் மாப்பிள்ளையே சொல்லிவிடுவார்.

கேட்பவர்களின் கடமை

திக்கலில் பாதி பேசுபவரிடம் என்றால், மீதிப் பாதி கேட்பவரிடம் இருக்கிறது. செலவில்லாமல் நாம் செய்யக்கூடியவை இவை:

1. சொல்லை நாம் முடித்துக் கொடுக்க வேண்டாம். அவர் சொல்ல வந்தது வேறாகவும் இருக்கலாம்.

2. "மெதுவா பேசு", "மூச்சை இழுத்து விடு", "பயப்படாதே" என்று புத்தி சொல்ல வேண்டாம். இவற்றை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார்.

3. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், கடிகாரத்தைப் பார்க்காமல், வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். எப்படிச் சொல்கிறார் என்பதை விட்டு என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

4. "திக்குவாய்" என்று பட்டப்பெயர் வைத்து அழைக்காதீர்கள். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. விளையாட்டுக்கு என்றாலும் அது பாவம்தான்.

5. குழந்தைகள் விஷயத்தில், திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பேசவே பயந்தாலோ, குடும்பத்தில் வேறொருவருக்கும் இருந்தாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். மாவட்டங்களில் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள்.

6. துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். அதோடு மருத்துவமும் செய்யுங்கள். தாயத்துக்காக ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

நமது அறக்கட்டளையிலும் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். உதவித்தொகை விண்ணப்பத்தில் "நேர்காணலில் எழுதிப் பதில் தர விரும்புகிறீர்களா, கூடுதல் நேரம் தேவையா?" என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். பெயர் விண்ணப்பத்திலேயே இருப்பதால் அதை வாய்விட்டுச் சொல்லுமாறு இனி யாரையும் கேட்பதில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போய்வர வசதியில்லாதவர்களுக்குப் பயணச் செலவை ஜகாத் அல்லாத பொது நிதியிலிருந்து தர நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. தேவையுள்ளவர்கள் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அலுவலகத்துக்கு வரலாம். பேச வேண்டாம், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்னிடம் போகுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது, தம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடும்படி அவர்கள் கேட்ட துஆ தாஹா அத்தியாயத்தில் இருக்கிறது. தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தருமாறும் கேட்டார்கள். தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று ஃபிர்அவ்ன் ஏளனம் செய்ததையும் குர்ஆன் சொல்கிறது. அந்த முடிச்சு எத்தகையது என்பதில் விரிவுரையாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. பேச்சில் சிரமம் இருக்கிறது என்பதற்காக அந்தப் பணி அவர்களிடமிருந்து எடுக்கப்படவில்லை. கேட்டது கொடுக்கப்பட்டது, துணையாக ஓர் ஆளும் கொடுக்கப்பட்டார்.

நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாங்கள் அன்று ஹாரூனாக இருந்திருக்க வேண்டியவர்கள். அல்லாஹ் மன்னிப்பானாக.

அந்த மாணவர் இந்த ஆண்டு புதுப்பிப்பு விண்ணப்பத்தோடு வந்தார். இப்போது பேச்சுப் பயிற்சிக்குப் போய் வருகிறார். நாங்கள் பெயரைக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்